காதுச் சீட்டு

அந்த லாண்ட்ரியில் வேலை பார்க்கும் பெண்கள் வீட்டில் மெதுவாகப் பேசி அக்கம்பக்கத்தார் கேட்டதில்லை. பழக்கம் அப்படி. ஆறு துவைக்கும் மெஷின், நாலு டிரையர், நடுவில் ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு இஸ்திரி ரோலர். காலை ஆறரைக்கு எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தால் மத்தியானம் இரண்டரை வரைக்கும் பக்கத்தில் நிற்பவள் தும்மினாலும் தெரியாது. உள்ளே பேச்செல்லாம் உதட்டிலும் புருவத்திலும்தான். வெளியே வந்த பிறகும் காதுக்குள் அந்த இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே கேட்கட்டும் என்று கத்துவார்கள்.

குருவியின் அம்மா ஒன்பது வருஷமாக அங்கே மடிப்பு வேலை. மடிப்பு ஒருத்தியால் ஆகிற காரியம் இல்லை. ரோலரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் பெட்ஷீட்டை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு பெட்ஷீட். அறுநூறு தடவையும் அவள் நடந்து போய்ச் சேருவது நெட்டையிடம்.

நெட்டை அவளைவிட ஒரு சாண் உயரம், நாலு வயது மூத்தவள், அதே தெருவில் எதிர்வரிசை. இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரே ஒரு பெண். இரண்டும் ஒரு மாத இடைவெளியில் பிறந்தவை. அந்த வருஷம் ஊரே வைத்த பெயரை இவர்களும் வைத்துத் தொலைத்தார்கள். வாசலில் நின்று ஒருத்தியைக் கூப்பிட்டால் இரண்டும் வந்து நிற்கும். கடைசியில் தெருவே பெயரை மாற்றியது. வாய் ஓயாமல் கீச்சுக்கீச்சென்று பேசியது குருவி. எப்போது வந்தது என்று தெரியாமல் பக்கத்தில் வந்து நிற்கும் நெட்டையின் மகள் பூனை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் மட்டும் பழைய பெயர் இரண்டு தடவை, ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தது.

இரண்டும் மூன்றாம் வகுப்புக்கு வந்த வருஷம்தான் அந்தப் பேட்டைக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றார்கள். தெருக்கோடியில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்த பழைய கோடவுனைக் கழுவி, வெள்ளையடித்து, பாதியை ஆஸ்பத்திரி ஆக்கினார்கள், பாதியைப் பள்ளிக்கூடம் ஆக்கினார்கள். முன்பெல்லாம் ஒரு காய்ச்சலுக்கு ஊசி போட இரண்டு பஸ் மாற வேண்டும். இப்போது செருப்புக்கூடப் போடாமல் போய்விட்டு வரலாம். யாருக்கும் அதில் குறை சொல்ல மனசு வரவில்லை. வகுப்புக்கு வகுப்பு நடுவே பிளைவுட் பலகைதான் சுவர். இந்தப் பக்கம் பாட்டு நடந்தால் அந்தப் பக்கம் வாய்ப்பாடு நடக்கும். மழை பெய்தால் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் இரண்டுமே நடக்காது. மூன்றாம் வகுப்பில் அறுபத்தோரு பிள்ளைகள், ஒரு டீச்சர்.

குருவிக்கு அங்கே படிப்பு ஏறவில்லை. சொல்வதை எழுதச் சொன்னால் நோட்டில் பாதி வரி இருக்கும், மீதி வெற்றிடம். "ஊர்க்கதை எல்லாம் பேசத் தெரியுது, நாலு வரி எழுத வலிக்குதா?" என்று அம்மா கத்துவாள். அடுப்பைப் பார்த்தபடியே கத்துவாள். குருவி பின்னால் நின்று ஜடையைக் கடிக்கும்.

ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து மூன்று பேர் பள்ளிக்கூடப் பக்கத்துக்கு வந்து ஒரு நாள் முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் கண், பல், காது பார்த்தார்கள். அடுத்த வாரம் குருவியின் பையில் மஞ்சளாக ஒரு சீட்டு இருந்தது. பெயர், வகுப்பு, ஏழு இலக்கத்தில் ஒரு நம்பர். அதற்குக் கீழே அச்சில்: "இரு செவிகளிலும் மிதமான கேள்திறன் குறைபாடு. மேல்பரிசோதனைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது."

குருவியின் அம்மா நாலு தடவை படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அர்த்தம்தான் மெதுவாக வந்தது. வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். பயம் வந்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. அதற்கு என்ன பெயர் என்று அவளுக்கே விளங்கவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்த மாதிரி இருந்தது. பிள்ளை மக்கு இல்லை! காதுதான் கேட்கவில்லை.

குருவியின் அப்பா தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவர், தெருவுக்கு வண்டிக்காரர். சீட்டைப் படிக்கக் கேட்டதும் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எட்டு வயசுப் பெண்ணை அப்படித் தூக்கி இரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

மறுநாள் லாண்ட்ரியில் டீ இடைவேளையில் நெட்டையிடம்தான் முதலில் சொன்னாள். நெட்டை அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழாத. இந்தக் காலத்துல காதுக்கு மெஷின் வந்தாச்சு. கண்ணாடி மாட்டுற மாதிரி மாட்டிட்டுப் போயிடலாம்."

"அவளை எத்தனை வாட்டி திட்டியிருக்கேன் தெரியுமா, அக்கா? கேக்காத பிள்ளையைப் போயி..."

"தெரிஞ்சா திட்டின? விடு. உன்னுது கேக்காம எழுதாம இருக்கு. என்னுது கேட்டுட்டே பேசாம இருக்கு. இப்பல்லாம் கூப்பிட்டா திரும்பியே பாக்கறதில்ல. அவ்வளவு திமிரு. நேத்துகூட மூணு வாட்டி கூப்பிட்டேன், சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கா. செவுள்ல ஒண்ணு விட்டேன்."

"பெரியவளாகுறாள்ல, அப்படித்தான் இருக்கும்," என்றாள் குருவியின் அம்மா.

சீட்டைக் காட்டியதும் டீச்சர் குருவியை ஐந்தாவது பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றினார். சீட்டு வாங்கிய பிள்ளைகளுக்கென்று முன்னால் எட்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். பாடம் சொல்லும்போது முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். குருவியின் அம்மா அதைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, திரும்பி, குனிந்து, மகளின் கண்ணைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். வண்டிக்காரர் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் மகளுக்கு எதிரே உட்கார்ந்து அன்றைக்கு எந்த மாடியில் எந்த நாய் துரத்தியது என்று சொன்னார். ஆறு வாரத்தில் குருவியின் நோட்டில் வெற்றிடங்கள் குறைந்தன. ஒரு நாள் வண்டியின் பின்னால் எழுதியிருந்ததை நிற்காமல் வாசித்தது.

ஆஸ்பத்திரிக்குக் காது சோதிக்க வரும் மேடம், எல்லாருக்கும் காது மேடம், பதினைந்து நாளுக்கு ஒரு வியாழக்கிழமைதான் வருவார். குருவியின் முறை வந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே தூறல். அம்மாவுக்கு அரை நாள் லீவு. அவள் பங்கு மடிப்பை வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு பார்த்துக்கொள்வதாக நெட்டை சொல்லி அனுப்பியிருந்தாள். டோக்கன் முப்பத்தேழு. ஒரு மூலையில் டெலிபோன் கூண்டு மாதிரி ஒரு பெட்டி வைத்து, உள்ளே குருவியை உட்கார்த்தி, ஹெட்ஃபோன் மாட்டினார் காது மேடம். குருவி கையைத் தூக்கியது, இறக்கியது, தூக்கியது, இறக்கியது. காது மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து செய்தார்.

"அம்மா, இந்தப் பொண்ணுக்குக் காது நல்லா இருக்கே. உங்களையும் என்னையும்விட நல்லா இருக்கு."

"இல்லீங்க மேடம், சீட்டுல..."

காது மேடம் சீட்டை வாங்கிக்கொண்டு பதிவு மேஜைக்குப் போனார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் ஏழு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"பேரு சரி, வகுப்பு சரி. ஆனா இதுல பொறந்த தேதி வேற வருதே. உங்க பொண்ணு எந்த மாசம்?"

சொன்னாள்.

"இதுல அதுக்கு முந்தின மாசம் இருக்கு. அதே பேர்ல வேற பிள்ளை இருக்குதா?"

குருவியின் அம்மாவுக்குப் பூனையின் முகம் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தாள். "தெரியலீங்க" என்றுதான் வந்தது. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தாள். குடையை விரிக்கவும் மறந்துபோனது.

சாயங்காலம் வண்டிக்காரரிடம் சொன்னாள். அவர் சந்தோஷப்படுவதா, தலையில் கை வைப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சிரித்தார், அப்புறம் நிறுத்தினார்.

"அப்ப காது நல்லா இருக்கா?"

"இருக்காம்."

"அப்ப ஏன் முன்னாடி படிக்கல? இப்ப எப்படிப் படிக்குது?"

"எனக்கென்ன தெரியும்? எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

"நெட்டை வீட்டுப் பொண்ணா?"

அவள் தலையாட்டினாள்.

வண்டிக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "சொன்னா நம்ம பிள்ளையை மறுபடி பின்னாடி தள்ளிடுவாங்க. இப்பத்தான் நாலு எழுத்து வாசிக்குது. பரீட்சை வரைக்கும் போகட்டுமே. அவங்களே கண்டுபிடிப்பாங்க. அது அவங்க செஞ்ச தப்புதானே?"

"பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கு."

"நான் சொல்லாதேன்னு சொல்லல. கொஞ்சம் பொறுன்னுதான் சொல்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. கெட்டவர் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை மொத்தமும் நெட்டையை நோக்கி நடந்து நடந்து முனை சேர்த்தாள். "என்ன ஆச்சு?" என்று நெட்டையின் உதடு கேட்டது. "அடுத்த தடவை வரச் சொன்னாங்க" என்று இவள் உதடு சொன்னது. சனிக்கிழமையும் அப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடச் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். குருவி பக்கத்தில் உட்கார்ந்து சோப்பு நுரையை ஊதிக்கொண்டிருந்தது. அம்மா மகளின் முகத்தைப் பார்க்காமல், வாளியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு ஸ்கூல்ல காது பாத்தாங்கள்ல, அப்ப உனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. எல்லாத்துக்கும் கை தூக்கினேன். பூனைதான் தூக்கவே இல்ல. அந்த அண்ணன் மெஷின் ரிப்பேர்னு நினைச்சுத் தட்டித் தட்டிப் பாத்தாரு."

அம்மாவின் கை வாளிக்குள்ளேயே நின்றது. "பிறகு ஏன்டி சொல்லல?"

"நீ கேக்கலையே. சீட்டைப் படிச்சிட்டு அழுத. அப்பா தூக்கிக்கிட்டாரு." குருவி நுரையை உள்ளங்கையில் வைத்து அழுத்தியது. "எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்துப் பேசினீங்க. டீச்சர்கூட. எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

அம்மா சட்டையை மறுபடி அலச ஆரம்பித்தாள். குருவி பேச்சை நிறுத்தவில்லை.

"அஞ்சாவது பெஞ்சுல டீச்சர் சொல்றது எனக்கும் கேக்காதும்மா. அந்தப் பக்கத்து வாய்ப்பாடுதான் கேக்கும். பூனை என் நோட்டைப் பாத்துத்தான் எழுதுவா. இப்ப நான் முன்னாடி வந்துட்டேன்ல? அவளுக்குப் பாத்து எழுத ஆளே இல்ல. சும்மா உக்காந்திருக்கா."

சட்டையைப் பிழியாமலே கொடியில் போட்டாள் குருவியின் அம்மா. அது சொட்டிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை ரோலர் ஓட ஆரம்பித்து நூறு பெட்ஷீட் போயிருக்கும். இடைவேளை வரை காத்திருந்தால் தைரியம் ஆறிப்போகும் என்று தோன்றியது. முனை சேர்க்க வரும்போது நெட்டையின் கண்ணைப் பார்த்து, உதட்டைப் பெரிதாக அசைத்தாள்.

"குருவிக்குக் காது நல்லா இருக்காம்!"

நெட்டைக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. பெட்ஷீட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். ரோலரிலிருந்து வந்த அடுத்த இரண்டு பெட்ஷீட் தரையில் விழுந்தன. சூப்பர்வைசர் கையை ஆட்டிக் கத்துவது தெரிந்தது. நெட்டை அவரைப் பார்த்து வானத்தைக் காட்டிக் கும்பிட்டாள். அந்தச் சந்தோஷத்தின் நடுவில் நின்றுகொண்டு குருவியின் அம்மா எப்படி மிச்சத்தைச் சொல்வாள்? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுக்குத் துணி மூட்டை கிடக்கும் பின்கட்டுக்குப் போனாள். கதவைச் சாத்தினால் அங்கே கொஞ்சம் பேச்சுக் கேட்கும்.

"அக்கா, சீட்டு மாறிப்போச்சு. ரெண்டுக்கும் ஒரே பேரு. அந்த நம்பர் உன் பொண்ணோடது."

"எந்த நம்பர்?"

"சீட்டுல இருக்குற நம்பர். காது கேக்காதது பூனைக்கு."

நெட்டை சிரித்த முகத்தோடே நின்றாள். சிரிப்பு மெதுவாகத்தான் இறங்கியது.

"போடி. அவளுக்கு நல்லாக் கேக்கும். சில சமயம் திரும்ப மாட்டா, அது திமிரு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். தன் வலது கையைப் பார்த்தாள். "ஆறு வாரம் ஆச்சேடி. ஆறு வாரமா நான் அவளைப் போட்டு..."

"அக்கா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

நேற்று என்று சொல்லலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வியாழக்கிழமை."

நெட்டை விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்றாவது விரலில் நின்றாள். "சனிக்கிழமைகூட அடிச்சேன்," என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. கதவைத் திறந்துகொண்டு அந்த இரைச்சலுக்குள் போனாள். சூப்பர்வைசரிடம் ஏதோ சொன்னாள். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து நெட்டை டிரையர் பக்கம், குருவியின் அம்மாவோடு மடிக்க வந்தது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அவளுக்கு முனை சேர்க்கத் தெரியவில்லை. ஒவ்வொரு பெட்ஷீட்டும் கோணிக்கொண்டு போனது.

பள்ளிக்கூடத்துக்கும் குருவியின் அம்மாவே போய்ச் சொன்னாள். டீச்சர் சாக்பீஸ் தூசியைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டார். தொண்டை கட்டிய குரல் அவருக்கு, வருஷம் முழுக்க அப்படித்தான்.

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலம்மா. உங்க பொண்ணுக்குக் காதும் நல்லா இருக்கு, மண்டையும் நல்லா இருக்கு. அஞ்சாவது பெஞ்சுல போய் நின்னா என் குரல் எனக்கே கேக்காது. ஆனா முன்னாடி எட்டு இடம்தான். எட்டும் சீட்டு உள்ளவங்களுக்கு."

"அப்ப சீட்டு இல்லாத பிள்ளைங்க?"

"இன்னொரு டீச்சர் கேட்டு எழுதியிருக்கோம். செங்கல் சுவரும் கேட்டிருக்கோம். வரும்ங்கறாங்க."

"எப்போ?"

டீச்சர் பிளைவுட் பலகையைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது.

பூனை முன்னால் வந்தது. குருவி ஐந்தாவது பெஞ்சுக்குத் திரும்பியது. மறு வாரம் வந்த காது மேடம் பூனையைப் பரிசோதித்து, சின்ன வயசில் சீழ் வந்து வந்து உள்ளே கெட்டுப்போயிருக்கிறது, மெஷின் வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்றாராம். இதெல்லாம் குருவியின் அம்மாவுக்குத் தெரு வழியாக வந்த சேதி. நெட்டை எதிரே வந்தால் பாதையை மாற்றவில்லை, முறைக்கவும் இல்லை. ஜன்னலைப் பார்ப்பது மாதிரி இவளைப் பார்த்துவிட்டுப் போனாள். கோபமா, வெறுப்பா, வெட்கமா? குருவியின் அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சொன்னது சரிதானே என்று ஒரு சமயம் தோன்றும். மூன்று நாள் பொறுத்தது தப்புதானே என்று மறு சமயம் தோன்றும். சொல்லியும் தன் பிள்ளை பின்னால் போனதுதான் மிச்சம் என்று தோன்றும்போது தன் மேலேயே எரிச்சல் வரும். வண்டிக்காரர் சாயங்காலம் மகளுக்கு எதிரே உட்கார்ந்து நாய்க்கதை சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

காது மேடம் மறுபடி வந்த வியாழக்கிழமை பதிவு மேஜைப் பெண் போன் பண்ணினாள். காது மெஷின் வந்துவிட்டதாம். பட்டியல் மேலிடத்துக்குப் போனபோது நம்பர் பூனையுடையதாகவும் பெற்றவர் குருவியின் அம்மாவாகவும் பதிந்துவிட்டதாம். திருத்தலாம், மூன்று மாதம் ஆகும்.

"நீங்க வந்து கையெழுத்துப் போட்டா இன்னைக்கே மாட்டிடலாம்க்கா. திருத்தறதை நான் பின்னால பாத்துக்கறேன்."

"நான் அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லியேம்மா."

"கம்ப்யூட்டர்ல நீங்கதான் அம்மா."

போனாள். பெஞ்சின் ஒரு கோடியில் நெட்டை, நடுவில் பூனை. மறு கோடியில் போய் உட்கார்ந்தாள். பெயர் கூப்பிட்டதும் மூன்று பேரும் எழுந்தார்கள். "தாய்" என்று போட்டிருந்த இடத்தில் குருவியின் அம்மா தன் பெயரைக் கூட்டி எழுதினாள். நெட்டை அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காது மேடம் பூனையின் இரண்டு காதுக்குப் பின்னாலும் முந்திரிப் பருப்பு அளவில் எதையோ பொருத்தி, குழாயை உள்ளே செருகினார். பூனை கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தது.

"அம்மா பின்னாடி வந்து நில்லுங்க. பொண்ணு உங்களைப் பாக்கக் கூடாது. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

இரண்டு பேரும் அசைந்தார்கள். குருவியின் அம்மாதான் பின்வாங்கினாள். நெட்டை மகளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கூப்பிட்டுத் திரும்பாமல் போனால் என்ன செய்வது என்று பயந்தாளோ என்னவோ, வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பிறகு அடிவயிற்றிலிருந்து, ரோலரையும் டிரையரையும் தாண்டிக் கேட்கிற குரலில், மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

பூனை தூக்கிவாரிப் போட்டு எழுந்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு திரும்பியது.

"ஏம்மா கத்துற?"

வெளியே டோக்கனோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காது மேடம் சிரித்துவிட்டார். நெட்டை சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"கத்துறேனாம்டி," என்றாள். "கேட்டியா? நான் கத்துறேனாம்."

அது தன்னிடம் சொன்னதா, இல்லை சும்மா வாயில் வந்ததா என்று குருவியின் அம்மாவுக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று போய், கொஞ்சம் இடைவெளி விட்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.